ஒரு வருஷம் பிந்தி ஓடிய தேர்

வீடியோ கேம் மெஷின்கள் ஏழு என்பதற்குப் பதிலாக ஒன்பது என்று திருமலைக்கொழுந்து தன் நோட்டில் எழுதிய மறுநாள் காலை, தோணித்துறையில் மச்சாடுவின் ஷெட்டுக்குள் ஒன்பது மெஷின்கள் நின்றன. கூடுதலாக வந்த இரண்டும் மற்ற ஏழையும் போலவே மரப்பெட்டி உடம்பும் கண்ணாடி முகமுமாக, கால்களில் உப்புக்காற்று அரித்த துருவோடு, தலையில் முப்பது வருஷத் தூசியோடு, எப்போதும் அங்கேயே இருந்தவை போல நின்றன. கையை வைத்துப் பார்த்தால் மட்டும், யாரோ இப்போதுதான் விளையாடி எழுந்து போனது போல ஒரு சூடு இருந்தது. மச்சாடுவின் மூத்த மகள் பிலோமி, விளக்குமாறும் கையுமாக அவற்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்குப் பயம் வரவில்லை. எண்ணிக்கை தப்பு என்பதுதான் உறுத்தியது.

ஐம்பத்து நான்கு வயதில் அவள் பார்த்த வேலை அப்படிப்பட்டது. துறைமுக அலுவலக வாசலில் இருக்கும் கரும்பலகையில், எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வருகிறது, நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று தினமும் காலையில் சாக்பீஸால் எழுதுவாள். அதில் கால்மணி நேரம் பிசகினால் ஒரு தோணி மணலில் தட்டி நிற்கும் என்பதால், பிறர் எழுதிய பிழையைப் பார்த்துக்கொண்டும் அவளால் சும்மா இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகை, கல்லறைக் கல், மளிகைக் கடைப் பலகை எதையும் விட்டதில்லை. அன்றும், அந்த ஷெட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த கொழுந்து வேலைபார்க்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் ஜன்னலுக்குப் போய் நின்றாள்.

"சார், மெஷின் ஏழுதான்."

"ஒம்பதுன்னு சொன்னாங்களேக்கா."

"எவன் சொன்னான்? கப்பல்லேர்ந்து எறக்கும்போது நான்லா எண்ணுனேன்."

கொழுந்து ஒன்பதை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். பிலோமி திரும்பி வந்து பார்த்தபோது ஷெட்டில் ஏழு மெஷின்கள் இருந்தன. தரையில் தூசி படியாத இரண்டு சதுரங்கள் மிச்சம் இருந்தன.

திருமலைக்கொழுந்து எக்ஸ்சேஞ்சில் லைன் பார்க்கிறவர், தென்காசிப் பக்கத்து ஆள், இந்தக் கடற்கரைக்கு மாற்றலாகி வந்தவர். எக்ஸ்சேஞ்சில் இப்போது அழைப்பதற்கும் ஆள் இல்லை, பழுதாவதற்கும் லைன் இல்லை. அதனால் யாரும் கேட்காத ஒரு வேலையைத் தானாக எடுத்துப் போட்டுக்கொண்டார். கடலோர ஊர்களில் ஒரு காலத்தில் இருந்த வீடியோ கேம் கடைகளின் வரலாற்றை எழுதுவது. எந்தக் கடை எப்போது திறந்தது, என்னென்ன விளையாட்டு இருந்தது, யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்று வீடு வீடாகக் கேட்டு நோட்டில் எழுதுவார், பிறகு வெள்ளைத்தாளில் நகல் எடுத்து அந்தந்தக் கடையின் சுவரிலேயே ஒட்டுவார். தோணித்துறையில் அந்தக் கடை மச்சாடுவுடையது. கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொடுத்துக்கொண்டிருந்த மச்சாடு, ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலின் மாலுமிகள் சலித்துப்போய் ஒதுக்கிய ஏழு மெஷின்களைத் தோணியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார். திரையில் இருந்த எழுத்து ஊரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாததால் ஆமை, ராக்கெட், சுறா என்று ஊரே அவற்றுக்குப் பெயர் வைத்தது. கல்லாவில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தது பிலோமி. அந்த மெஷின்களுக்கு ஒரு குணம் இருந்தது: மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும், யார் எவ்வளவு எடுத்தார் என்பது உட்பட. ஆகவே தினமும் கடை சாத்துமுன் பிலோமி முக்காலியில் ஏறி, அன்றைக்கு முதலாக வந்தவரின் பெயரையும் எண்ணையும் சுவரில் கரியால் எழுதிவைப்பாள். கடையைப் பூட்டிய வருஷம் மச்சாடு அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார். அதன் பிறகு அந்த வரலாறு முழுவதும் ஆட்களின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது. ஞாபகம் என்றால் பிழைகளும் சேர்ந்துதானே இருக்கும்.

அப்படித்தான் ஊர் அந்த அதிசயத்துக்குப் பழகியது. டோக்கன் செம்பு என்று கொழுந்து எழுதிய அன்று, அலமாரிகளிலும் ஜெபமாலைப் பெட்டிகளிலும் வலையின் ஓரத்தில் ஈயத்துக்குப் பதிலாகக் கட்டியிருந்த இடத்திலும் கிடந்த பித்தளை டோக்கன்கள் எல்லாம் சிவந்துபோயின, பிலோமி சொன்ன பிறகு மறுபடி மஞ்சளாயின. கடை வாசலில் வேப்பமரம் நின்றது என்று எழுதினார், மரம் வந்தது. இஸ்திரிக்காரர் சேவியர் வண்டியை அதன் நிழலுக்கு நகர்த்திவிட்டார் என்பதால் பிலோமி பல்லைக் கடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்தாள். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் இதைத் தொட்டார். தெரியாமல் செய்த பிழைக்கு இவ்வளவு உயிர் இருக்கிறது என்றால் அதைப் பாவம் என்று சொல்லத் தனக்குத் துணிவில்லை என்று சொல்லிவிட்டு, பாடகர் குழு ஒத்திகை ஆறு மணிக்கு என்று அறிவித்தார்.

ஊர் சும்மா இருக்குமா? கவுன்சிலர் வந்து, கடைக்குப் பின்னால் கடலில் அலையைத் தடுக்கக் கல் கொட்டிய ஒரு தூண்டில் வளைவு இருந்ததாக எழுதச் சொன்னார், அரசாங்கத்திடம் இருபது வருஷம் மனுக்கொடுத்தும் வராத தூண்டில் வளைவு. கொழுந்து அவருடைய மனசு கோணாமல் எழுதித்தான் பார்த்தார். ஒரு கல்கூட வரவில்லை. தெரிந்து எழுதிய பொய் வெறும் மையாகவே நின்றது. பிறகு சலேத்தம்மாள் வந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத தன் புருஷன் அந்தக் கடையில்தான் சாயங்காலம் தோறும் ராக்கெட் விளையாடுவார் என்றாள், அவர் கடைக்குள் காலெடுத்து வைத்தவரே இல்லை. அதற்குள் எச்சரிக்கையாகிவிட்ட கொழுந்து, 'என்று சொல்கிறார்கள்' என்று முடித்தார். அந்தச் சொற்களில் இருந்த சந்தேகத்தைத் தாண்டி அவளுடைய புருஷனால் வர முடியவில்லை. கொழுந்து கொஞ்சமும் ஐயம் இல்லாமல் நம்பி எழுதிய பிழை மட்டுமே வரும். பிழை என்று அவருக்குத் தெரிந்த கணத்தில் போய்விடும்.

அப்படி அவர் ஐயமே படாமல் எழுதியது தேர் ஓடிய வருஷத்தை.

தோணித்துறையில் எல்லாவற்றுக்கும் கணக்கு தேர்தான். மாதா கோயில் பெரிய தேர் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஓடும். பிள்ளை பிறந்தது தேருக்கு முந்தின வருஷம், புயல் அடித்தது தேருக்கு மூன்றாம் வருஷம் என்றுதான் ஆட்கள் சொல்வார்கள். மச்சாடுவின் இளைய மகள் ஸ்டெல்லா சுறா விளையாட்டில் நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்று இருபது எடுத்தது எப்போது என்று கேட்டபோதும், தேர் அன்றைக்கு என்று சொன்னார்கள். கொழுந்து கோயில் வாசலுக்குப் போய், தேர் ஓடிய வருஷங்களை எழுதியிருக்கும் பலகையைப் பார்த்து, தொண்ணூற்றொன்று என்று குறித்துக்கொண்டார். அந்தப் பலகையை எழுதியவர் வெளியூர் பெயின்டர், பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டி எழுதிவிட்டுப் போனவர். அந்த ஒரு தடவை, அச்சைக் கறையான் தின்கிறது, இன்னும் ஒரு வருஷம் தாங்காது என்று தேரை முந்தின வருஷமே, தொண்ணூறிலேயே இழுத்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்ததால் யாரும் பலகையைத் திருத்தவில்லை. எல்லாரையும் திருத்திய பிலோமிகூட அந்தப் பலகையின் பக்கம் போனதில்லை, ஏனென்றால் அந்தத் தேருக்கு மூன்றாம் மாதம், நவம்பரில், மஞ்சள்காமாலையில் ஸ்டெல்லா செத்துப்போனாள். பதினெட்டு வயது.

கொழுந்து தொண்ணூற்றொன்று என்று எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை நான்கு மணிக்குப் பிலோமி ஷெட்டைத் திறந்தபோது உள்ளே டோக்கன் விழுகிற சத்தம் கேட்டது. பித்தளை தகரத்தில் விழுந்து, உருண்டு, ஒரு கணம் யோசித்து, பிறகு உள்ளே இறங்குகிற சத்தம். வயர் அறுந்து கிடந்த சுறா மெஷினில் வெளிச்சம் இருந்தது. அதன் முன்னால் முக்காலியில், இடது தோளைக் கொஞ்சம் தூக்கி, பின்னல் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியாக்கா? ஒரு நிமிஷம், சுறா வருது" என்றாள் திரும்பாமல்.

சுறா வந்து போனது. அதன் பிறகுதான் அவள் திரும்பினாள். பிலோமி ஒவ்வொரு நாளும் போட்டோவில் பார்க்கும் முகம் இல்லை அது; அதைவிடக் கன்னம் கொஞ்சம் வற்றி, கண் கொஞ்சம் ஆழ்ந்து, அந்த வீட்டில் ஒருவரும் பார்த்திராத, வராமலே போன பத்தொன்பதாவது வயதின் முகம். தங்கை செத்ததற்காகத்தான் இத்தனை வருஷமும் அழுதோம், அவள் வளராமல் போனதற்காக அழவே இல்லையே என்று பிலோமிக்குத் தோன்றியது, தோன்றிய இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா இப்படி நரைச்சுப் போயிட்டே" என்றாள் ஸ்டெல்லா. "எண்ணெய் வைக்கதில்லையா?"

நான்கு மணி முதல் ஏழு மணி வரை அவள் அங்கே இருந்தாள், அந்தக் கடையின் நேரம் அதுதான் என்று நோட்டில் எழுதியிருந்ததால். வாசல்படியைத் தாண்டி அவள் இல்லை. மறுநாளும் இருந்தாள், அதற்கு மறுநாளும். ஊர் வந்தது, ஆனால் ஓடிவரவில்லை, கூவவில்லை, பூசையில் நன்மை வாங்கப் போகிறவர்கள் போல வரிசையாக, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது. அவளோடு படித்தவர்கள், ஐம்பதைத் தாண்டி, மூட்டுவலியும் மூக்குக்கண்ணாடியுமாக வந்து, ஒருவர் மாற்றி ஒருவர் அவளுடைய பின்னலை அவிழ்த்துப் பின்னிவிட்டார்கள். மழையில் இரவல் வாங்கிய குடையை முப்பத்து நான்கு வருஷம் கழித்து அவர்களில் ஒருத்தியான ரெஜினா திருப்பிக் கொண்டுவந்தாள். "கம்பி ஒண்ணு ஒடிஞ்சிருக்குட்டி, கோவிச்சுக்காத" என்றாள். தன் புருஷனை வரவழைக்க முடியாத சலேத்தம்மாளும் வந்தாள், ஸ்டெல்லாவின் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சூடா இருக்கு, சூடா இருக்கு என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.

கொழுந்துவிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசவும் இல்லை. அவர் இருக்கும் இடத்தில் தேர் என்ற சொல்லே ஊரில் இல்லாமல் போனது. திருவிழாக் கமிட்டிக்காரர்கள்கூட அவர் எதிரே வந்தால் 'பெரிய வண்டி' என்றார்கள். அவரோ பிழை ஏதாவது முளைத்திருக்கிறதா என்று அடிக்கடி ஷெட்டுக்கு வந்து மெஷின்களை எண்ணிப் பார்ப்பார். ஆட்களை எண்ண அவருக்குத் தோன்றவில்லை.

"யாருக்கா இந்தப் பிள்ளை? அருமையா விளையாடுது."

"எங்க வீட்டுப் பொண்ணுதான்" என்றாள் பிலோமி. பொய் இல்லை.

"கொழும்புலேர்ந்து வந்திருக்கு சார்" என்று ரெஜினா சேர்த்துவிட்டாள்.

"அப்படியா" என்று அவர் நோட்டை மூடிக்கொண்டார். பழைய ஆட்களைப் பற்றி மட்டுமே அவருக்கு ஆர்வம்.

ஸ்டெல்லாவுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு நாளும் நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்று இருபது வரை போவாள், அங்கே சுறா அவளைத் தின்றுவிடும். அதற்குமேல் ஒரு புள்ளிகூட ஏறாது, நோட்டில் எழுதியிருப்பது அவ்வளவுதான். அதை அவள் சிரித்தே தாங்கினாள். ஆனால் செப்டம்பரில் கொழுந்து நகலெடுத்த தாள்களைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போன மறுநாள், முக்காலியை விட்டு எழுந்து போய்ப் படித்தாள். படித்து முடித்தபோது அவளுக்கு முகம் மாறியிருந்தது.

'சுறாவில் நாற்பதாயிரத்தை முதலில் தாண்டியவர் இக்னேஷியஸ் (1990, கிறிஸ்துமஸ், தேதியிட்ட புகைப்படம் உள்ளது). மறு ஆண்டில் அவரை அடுத்து ஸ்டெல்லா.'

இக்னேஷியஸுக்கு இப்போது ஐஸ் கம்பெனி இருந்தது. அதுவரை அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்த அவர், விஷயம் கேள்விப்பட்டு, வெள்ளைச் சட்டையும் வேர்வையுமாக வந்து வாசலில் நின்றார்.

"என்னல இக்னேசி, ஐஸ்பெட்டி மாதிரி ஆயிட்டே" என்றாள் ஸ்டெல்லா.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீ எடுத்ததைப் பாத்துட்டுத்தான் நானும் எடுத்தேன் ஸ்டெல்லா. நீதான் மொதல்ல. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். அதுல எழுதியிருக்கா?"

"நீ இங்க இருக்கணும்னுதான் யாரும்..."

"தெரியும்" என்றாள் அவள். "போய்ட்டு வா. வெயில்ல நிக்காத, உருகிருவே."

அன்று ஆறு மணிக்கு மேல் அக்காளும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். கடல் பக்கத்துச் சன்னல் வழியாக வந்த வெளிச்சம் ஏழு மெஷின்களின் கண்ணாடியிலும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. ஸ்டெல்லா டோக்கனைப் போடாமல் விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லு."

பிலோமி அது காதில் விழாதது போல, பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

"தேர் தொண்ணூறுலதான் ஓடுச்சுன்னு சொல்லு. நான் மொதல்ல வந்துருவேன்."

"வந்துட்டு? வந்துட்டு எங்க இருப்பே?"

"எங்க இருந்தேனோ அங்கதான். எனக்குத் தெரியாதாக்கா? நவம்பர்."

"மொதலாவது ரெண்டாவதுன்னு யாருட்டி கேக்கா? நீ இருக்கியே, அது போதாதா?" பிலோமி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "முப்பத்து நாலு வருசம் அந்தப் பலகைப் பக்கம் நான் போகல. எல்லாத்தையும் திருத்துனேன், அதை மட்டும் விட்டேன். எனக்குன்னு ஒரு தப்பு இருந்துட்டுப் போகட்டும்."

ஸ்டெல்லா முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் அம்மாவிடம் பேசுவது போல இருந்தது பார்க்க, பேசியது தங்கைதான்.

"பதினெட்டு வருசத்துல நான் என்ன செஞ்சேன், சொல்லு. பரீட்சை எழுதுனேன், ரிசல்ட் பாக்கல. ஒருத்தனுக்கு லெட்டர் எழுதுனேன், குடுக்கல. முழுசா செஞ்சது இது ஒண்ணுதான். இந்த ஊர்ல ஆம்பள பொம்பள யாரும் எடுக்கதுக்கு முந்தி எடுத்தேன். இப்ப இருக்கேன், சரி. ஆனா நான் செய்யாத ஆளா இருக்கேன்."

வெளியே தோணி ஒன்றின் பாயை இறக்கினார்கள். கப்பி கிறீச்சிட்டது. பிலோமி கேட்டாள்: "எனக்கு என்னட்டி இருக்கும்?"

ஸ்டெல்லா சிரித்தாள். பழைய சிரிப்பு, பரிசு எதையோ முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறவள் சிரிப்பது.

"அவர் நோட்டுல இன்னொரு தப்பு இருக்கு. நீ சொல்லிக் குடுத்ததுதான். நெஜம்னு நெனச்சே சொல்லிட்டே, அவரும் நம்பி எழுதிட்டாரு."

"எது?"

"சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கே எக்ஸ்சேஞ்ச் ஜன்னல்ல போயி நிப்பே."

மறுநாள் நான்கரை மணிக்குப் பிலோமி கொழுந்துவை அழைத்துவந்தாள். சந்து முழுக்க ஆட்கள் நின்றார்கள். சேவியர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்திருந்தார், இக்னேஷியஸ் சட்டைப் பையில் அந்தப் புகைப்படத்தோடு நின்றார், பங்குச்சாமியார் கூட்டத்தில் ஒருவராக நின்றார். ஸ்டெல்லா விளையாடிக்கொண்டிருந்தாள், முப்பதாயிரம் தாண்டியிருந்தது.

"சார், ஒரு திருத்தம் இருக்கு" என்றாள் பிலோமி. "அந்தத் தடவை தேர் ஓடுனது தொண்ணூறுல. தொண்ணூத்தொண்ணு இல்ல. அச்சு தாங்காதுன்னு ஒரு வருசம் முந்தி இழுத்தாங்க. வடம் புடிச்சதுல நானும் உண்டு."

கொழுந்து பேனாவை எடுத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார், அவர்களுடைய கண் போன திசையைப் பார்த்தார், பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு விளையாடும் பெண்ணைப் பார்த்தார். மெஷின்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த மனிதர் அப்போதுதான் ஆளை எண்ணினார். எடுத்த பேனாவை மூடினார்.

"எனக்குக் காது சரியா கேக்கலக்கா" என்றார். "போர்டுல தெளிவா தொண்ணூத்தொண்ணுன்னு இருக்கு. போர்டு தப்பா இருக்காது. நான் நம்பல." பிழைக்குப் பயந்தே வாழ்ந்த மனிதர், அந்த ஒரு பிழையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் நம்பாத வரைக்கும் முக்காலியில் அவள் இருந்தாள்.

"சார்" என்றாள் ஸ்டெல்லா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் விளையாடுறதைப் பாத்தீங்கல்லா?"

"பாத்தேம்மா."

"நாற்பதாயிரம் போகுது, பாருங்க. போகுதா? இதை எனக்கு முந்தி இக்னேசி எடுத்திருப்பான்னு உங்களுக்குத் தோணுதா?"

கொழுந்து பார்த்தார். அவளுடைய விரல்களைப் பார்த்தார். சுறா திரும்புமுன் திரும்புகிற அந்தத் தோளைப் பார்த்தார். நாற்பத்தைந்து, நாற்பத்தேழு என்று எண் ஏறுவதைச் சந்தே மூச்சுவிடாமல் பார்த்தது. எழுதப்பட்ட எதையும்விட அது உண்மையாக இருந்ததால் அவரால் நம்பாமல் இருக்க முடியவில்லை. "இல்லம்மா" என்றார். "நீதான் மொதல்ல."

தொண்ணூறு என்று அவர் எழுதினார். சுறாவின் வாய் மூடியது. திரையில் நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்று இருபது நின்றது. முக்காலி மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி, தள்ளாடி, நின்றது.

ஒருவரும் அழவில்லை, அதற்குப் பிறகு வெகு நேரம். பிலோமி முக்காலியில் ஏறி, தாள் ஒட்டாத வெள்ளைச் சுவரில், முப்பத்து நான்கு வருஷத்துக்கு முந்தி எழுதியது போலவே கரியால் தங்கையின் பெயரையும் எண்ணையும் எழுதினாள். இக்னேஷியஸ் புகைப்படத்தை எடுத்து அதற்குக் கீழே, ஒரு சாண் இறக்கி, குத்திவைத்தார். வயர் அறுந்த மெஷினில் வெளிச்சம் மெல்ல இறங்கியது.

கார்த்திகை பிறந்தபோது கொழுந்து அந்த வரலாற்றை முடித்தார். கடைசித் தாளையும் ஒட்டிவிட்டு, பிலோமியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இனி தப்பு எதுவும் இல்லையேக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்."

அவர் அதற்குமேல் துருவவில்லை. பிலோமி இப்போதும் காலையில் கரும்பலகையில் நீர் ஏறும் நேரத்தைக் கால்மணிகூடப் பிசகாமல் எழுதுகிறாள், சாயங்காலம் வந்து ஷெட்டைத் திறக்கிறாள். சுவரில் உள்ள தாள்களை வரிக்கு வரி படிக்கிறாள். டோக்கனின் நிறம், மெஷின்களின் எண்ணிக்கை, கடை திறந்த மாதம், அப்பா போட்டிருந்த சட்டை. அவள் சொல்லிக்கொடுத்ததுதான் எல்லாம், எல்லாமே சரியாகத்தான் தெரிகிறது. ஏதாவது ஒரு வரியில் ஐயம் தட்டினால் கண்ணை உடனே அடுத்த வரிக்கு எடுத்துக்கொள்கிறாள்.

நான்கு மணிக்கு அவளுக்குப் பின்னால் டோக்கன் ஒன்று தகரத்தில் விழுந்து, உருண்டு, ஒரு கணம் யோசித்து, உள்ளே இறங்குகிறது. சந்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் சேவியர் அந்த நேரத்தில் கையை நிறுத்துகிறார். பிலோமி திரும்பிப் பார்ப்பதில்லை.